ஏழாம் பெட்டியின் ஈரம்

மழை பெய்து நாற்பத்தொரு நாளாகிவிட்டது. காட்டுக்குள் நட்டு வைத்திருந்த ஒன்பது பெட்டிகளில் எட்டு அதை ஒப்புக்கொண்டன. ஏழாவது மட்டும் ஒப்புக்கொள்ள மறுத்தது.

அந்த ஒன்பது பெட்டிகளின் எண்களைப் படிப்பதுதான் அவளுடைய வேலை. மரம் வெட்டும் ஆட்கள் அவளை அளவுக்காரம்மா என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் இரண்டு சென்சார்கள் கீழே இறங்கும். ஒன்று மரத்தடிச் சருகுக்குள் படுத்திருக்கும். மற்றது ஒரு சாண் ஆழத்தில் மண்ணுக்குள் குத்தி நிற்கும். கால் மணிக்கொரு தரம் இரண்டும் தங்களுக்குத் தெரிந்த ஈரத்தை அவள் மேசைக் கணினிக்கு அனுப்பிவிடும். அவள் காட்டுக்குள் போகவே வேண்டியதில்லை. வருடத்தில் நாலைந்து முறை போவாள், அவ்வளவுதான்.

அலுவலகம் என்பது காட்டு வாயிலை ஒட்டிய இரண்டு அறைகள். முன்னறையில் கணினி, பதிவேடுகள், காகிதம் பறக்காமலிருக்க அவள் பொறுக்கி வந்து வைத்த கூழாங்கற்கள். பின்னறையில் சருகை உலர்த்தும் மின்அடுப்பும் ஒரு தராசும். வாயிலில் ஒரு பலகை. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. காலை ஏழு மணிக்கு அவள் கையெழுத்துப் போட்டுத் தரும் சீட்டைப் பார்த்துத்தான் வாயிற்காவலர் பலகையைத் திருப்புவார். வெட்டு நடக்கும் இடத்துக்குப் பக்கத்துப் பெட்டியில் சருகின் ஈரம் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் சிவப்பு. அன்றைக்கு மோட்டார் ரம்பம் ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. கல்லில் பட்டு ரம்பம் கக்கும் ஒரு பொறி போதும், காய்ந்த சருகு பற்றிக்கொள்ள. பற்றிய பிறகு காற்றுக்கு முன்னால் ஓடுவதற்கு மனிதக் கால்களுக்கு வேகம் போதாது.

இந்தப் பருவத்தில் வெட்டு நடந்தது ஏழாம் பெட்டிக்குப் பக்கத்தில். மேஸ்திரியோடு சேர்த்துப் பதினான்கு பேர் அங்கே வேலை செய்தார்கள். அந்த மேஸ்திரி அவளுடைய கொழுந்தன்.

ஆறாம் பெட்டியில் சருகின் ஈரம் பத்து. எட்டாம் பெட்டியில் ஒன்பதரை. நடுவில் நிற்கும் ஏழிலோ சில நாள் பத்தொன்பது வரை. இது மட்டும் என்றால் நிழல் அதிகம், பள்ளம் அதிகம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஏழாம் பெட்டியின் மண் சென்சார் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. மழையில்லாமல் மேலே நனைந்து கீழே காய்கிற நிலத்தை அவள் தன் பன்னிரண்டு வருட வேலையில் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலையில் ஒரு மாதத்து எண்களை வரிசையாகக் காகிதத்தில் கோடாக இழுத்துப் பார்த்தபோது அவளுக்கு மூக்கில் வியர்த்தது. ஏழின் ஈரம் வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், மதியம் ஒரு மணி வாக்கில் செங்குத்தாக ஏறியது. பிறகு மெல்ல மெல்ல இறங்கி, பன்னிரண்டைத் தொடப் போகிற நேரத்தில் மறுபடி ஏறியது. மருந்து வேளை தவறாமல் கொடுப்பதுபோல் யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ என்று முதலில் நினைத்தாள். அப்படி நினைத்த நிமிடத்துக்கும் கொழுந்தன் முகம் மனத்தில் வந்த நிமிடத்துக்கும் நடுவில் ஒரு தேநீர் ஆறுகிற நேரம்கூட இல்லை.

காரணம் இல்லாமல் இல்லை. பலகை சிவப்பானால் அவனுக்கும் ஆட்களுக்கும் அன்றைய கூலி இல்லை. முந்தின சனிக்கிழமை அவன் தன் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பெரிய தண்ணீர்க் கேன்களைக் கட்டிக்கொண்டு கிளம்புவதை மாடிப்படியிலிருந்து பார்த்திருந்தாள். குடிக்கவா என்று கேட்டதற்கு, "குடிக்கவும்தான் அண்ணி" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துவிட்டான். அந்த 'தான்' அவள் காதிலேயே தங்கிவிட்டது. அதுவும் போதாதென்று பத்து நாளாகச் சாப்பாட்டு மேசையில் ஒரே கேள்வி.

"ஏழு எப்படி அண்ணி இருக்கு?"

"வீட்டுல ஆபீஸ் பேச்சு வேண்டாம்னு யாரு சொன்னது?"

"நீங்கதான்."

"அப்புறம் என்ன?"

"சும்மா கேட்டேன். சௌக்கியமான்னு."

அவள் கணவன் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவன். நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் எதையும் உற்றுப் பார்க்க விரும்பாதவன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "இவ தூங்கும்போதும் ஏழுங்கிறா, நீயும் ஏழுங்கிற. யாருப்பா அந்த ஏழு? எனக்கும் ஒரு நாள் அறிமுகப்படுத்தி வைங்க" என்றான். தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் அலுவலகப் பேச்சு வேண்டாம் என்ற கட்டுப்பாட்டை அவள்தான் கொண்டு வந்தாள். கொழுந்தன் மேஸ்திரியான அன்றே மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, பலகை திரும்புவதில் குடும்பத்தின் கை இருப்பதாக ஊரில் ஒரு சொல் கிளம்பினாலும் அவள் நாற்காலி காலி என்று சொல்லியிருந்தார். அன்று மாலையே அவள் கொழுந்தனை உட்கார வைத்து, வாயிலைப் பற்றி வீட்டில் அவன் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது, தானும் சொல்லமாட்டேன் என்று முடித்துவிட்டாள். இத்தனை நாளாக அந்தக் கட்டுப்பாட்டை மதித்தவன் இப்போது மட்டும் எதற்கு வேவு பார்க்கிறான்? ஊற்றிய தண்ணீர் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தானே?

திங்கட்கிழமை மதியமே அவள் ஒரு மூடியுள்ள தகர டப்பாவை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனாள். ஏழாம் பெட்டியிலிருந்து பத்தடி தள்ளிச் சருகை அள்ளினாள். கையில் எடுத்தபோதே அது அப்பளம்போல நொறுங்கியது. பின்னறையில் நிறுத்தபோது ஐம்பத்து நான்கரை கிராம். அடுப்பில் வைத்து, எடை இனிக் குறையாது என்ற அளவுக்கு உலர்த்தி மறுபடி நிறுத்தபோது ஐம்பது. ஆக, ஐம்பது கிராம் சருகில் நான்கரை கிராம் தண்ணீர். ஒன்பது சதவீதம். முன்னறையில் கணினி அதே நேரத்தில் பதினான்கு என்றது.

ஒன்பது என்றால் சிவப்பு. சந்தேகமே இல்லாத சிவப்பு. சீட்டில் எந்த எண்ணை எழுதுவது என்பது அவள் கையில்தான் இருந்தது. அடுப்பில் உலர்த்திய எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அவள் எழுதவில்லை.

சிவப்புப் பலகையைத் தொங்கவிட்டால் நாளையே வெட்டு நின்றுவிடும். வெட்டு நின்றால் அவன் தண்ணீர் ஊற்றப் போவதில்லை. ஊற்றாதவனை எப்படிப் பிடிப்பது? அண்ணிக்குத் தெரிந்துவிட்டது என்று மட்டும் அவனுக்குத் தெரிந்துபோகும். அடுத்த பருவத்தில் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஊற்றுவான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அதற்கு ஒரு செவ்வாயோ ஒரு வெள்ளியோ வேண்டும் என்று அவள் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலைச் சீட்டில் கணினி சொன்ன எண்ணை எழுதினாள். வாயிற்காவலர் பச்சையைத் திருப்பினார். பதினான்கு பேர் ரம்பங்களைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசியில் போன ஒருவர், "அளவுக்காரம்மா பெட்டியில மட்டும் மழை பெய்யுது போல, ஒரு நாள் லீவு விடமாட்டேங்குதே" என்று கேலி பண்ணிவிட்டுப் போனார். அவள் கூழாங்கல்லை நகர்த்தி வைத்தாள்.

முறையாகச் செய்ய வேண்டும் என்பது அவளுக்குப் பிறவிக் குணம். திங்கட்கிழமையே இரண்டு காகிதத் துண்டுகளில் மைப் பேனாவால் தேதி எழுதி, ஒன்றை ஏழாம் பெட்டியின் சென்சாரை ஒட்டிச் சருகுக்குள்ளும், மற்றதைப் பத்தடி தள்ளியும் ஒளித்து வைத்திருந்தாள். புதன்கிழமை போய் எடுத்துப் பார்த்தாள். தள்ளி வைத்ததில் எழுத்து அப்படியே இருந்தது. ஒட்டி வைத்ததில் மை கரைந்து நீலக் கறையாகியிருந்தது. தண்ணீர் சென்சார் மேல் மட்டும் விழுகிறது. தவறிக் கொட்டிய தண்ணீர் இல்லை. தேடி வந்து ஊற்றியது.

இன்னொருவர் மீதும் சந்தேகம் வந்திருக்க வேண்டும்தான். செவ்வாயும் வெள்ளியும் ஒன்பது பெட்டிகளையும் சுற்றி வந்து பேட்டரியும் கம்பியும் பார்க்கிற சுற்றுக்காரர் ஒருவர் இருந்தார். பெட்டிகளின் சாவி அவரிடம்தான். ஆனால் அவர் பதிவேட்டில் ஏழாம் பெட்டிக்கு நேரே பத்து இருபது என்று தவறாமல் எழுதியிருந்தது. ஈரம் ஏறுவதோ ஒரு மணிக்கு. தவிர, அவரைச் சந்தேகப்படுவது தராசைச் சந்தேகப்படுவதுபோல. மூடியை உலர்ந்த துணியால் துடைக்கவும் என்று காகிதத்தில் இருந்ததற்காக, கொட்டும் மழையில் உலர்ந்த துணி தேடி அலுவலகத்துக்கே திரும்பி வந்த மனிதர் அவர்.

அன்று முதல் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கொழுந்தனைக் கவனித்தாள். எதைப் பார்த்தாலும் அது அவனுக்கு எதிராகவே திரும்பியது. கேன்கள் காலையில் நிரம்பிப் போயின, மாலையில் காலியாக வந்தன. வெள்ளிக்கிழமை முழங்கால்வரை ஈரமாக வந்தான். கேட்டதற்கு ஓடையில் இறங்கினேன் என்றான். ஓடையில் தண்ணீர் வற்றி ஒரு மாதமாகிவிட்டது என்பது அவளுக்குத் தெரியாதா? அந்த வெள்ளியன்றே மறைந்து நின்று பிடித்திருப்பாள். மேலதிகாரி மாதாந்திர அறிக்கைக்கு உட்கார வைத்துவிட்டார். அடுத்த செவ்வாய், கணினி கம்பி பழுதாகிப் பாதி நாள் போயிற்று. நாட்கள் நழுவின. பலகை பச்சையாகவே இருந்தது. ஒவ்வொரு காலையும் கையெழுத்துப் போடும்போது இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள், புதன்கிழமை மாலை, அவன் வலது உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தான். அண்ணன் என்னடா என்றான்.

"ரம்பச் சங்கிலி உரசிடுச்சு."

"காட்டு, பாக்கலாம்."

"ஒண்ணுமில்லண்ணே. சாப்பிடு நீ."

துணியின் ஓரத்தில் கருப்பாக ஏதோ இருந்ததை அவள் பார்த்தாள். அவன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது புகை வாசனை வந்தது. புகை பிடிக்க ஆரம்பித்துவிட்டானா? மறைப்பதற்கு இன்னும் என்னென்ன வைத்திருக்கிறான்? அன்று படுக்கப் போகும்முன் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கோடு போட்ட காகிதம், மை கரைந்த துண்டு, கேன்கள், ஓடைப் பொய். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, தம்பி அப்படிச் செய்கிற ஆளில்லை என்றும், செய்திருந்தால் நேரே கேட்டுவிட வேண்டியதுதானே என்றும் சொன்னான். கேட்டால் ஒப்புக்கொள்வானா என்று அவள் சீறினாள்.

"நீ எதைப் பாத்தாலும் அவனாவே தெரியுது உனக்கு. முதல்ல அந்தக் கண்ணாடியக் கழட்டு" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அவள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். பதினொன்றரைக்கே போய் ஏழாம் பெட்டிக்கு இருபதடி தள்ளி ஒரு பருத்த மரத்துக்குப் பின்னால் நின்றாள். உட்கார முடியாது. அசைந்தாலே சருகு காட்டிக்கொடுத்துவிடும். தூரத்தில் ரம்பங்கள் இரைந்தன, நின்றன, மறுபடி இரைந்தன. ஒவ்வொரு முறை நின்றபோதும் அவள் மூக்கு தன்னையறியாமல் காற்றை மோந்து பார்த்தது.

பன்னிரண்டரைக்கு ரம்பங்கள் ஓய்ந்தன. சாப்பாட்டு நேரம். ஆட்கள் தடத்தின் பக்கம் நடந்து போகும் பேச்சுச் சத்தம் தேய்ந்தது. பிறகு ஒற்றையாளின் காலடி. கொழுந்தன்தான். இரண்டு கைகளிலும் இரண்டு கேன்கள், வலது கையில் சுற்றிய துணியோடு. நேராகப் பெட்டியை நோக்கி வந்தான். பிடித்துவிட்டேன் என்று நினைத்தபோது வந்தது சந்தோஷமா என்னவென்று அவளால் சொல்ல முடியவில்லை.

அவன் பெட்டியைத் தாண்டிப் போனான். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதியத்துக்கு மேல் வெட்டப் போகிற மரம் ஒன்று அங்கே சுண்ணாம்புக் குறியோடு நின்றது. அதன் அடியைச் சுற்றிச் சருகைக் காலால் விலக்கி, ஒரு முழ அகலத்துக்கு வெறும் மண் தெரியும்படி செய்தான். பிறகு கேனைச் சாய்த்து அந்த வட்டத்தின் ஓரம் முழுக்க நனைத்தான். தண்ணீர் அவன் முழங்காலில் தெறித்தது. முதல் கேன் தீர்ந்தது. இரண்டாவதைத் திறக்காமல் மரத்தடியிலேயே, எட்டி எடுக்க வசதியாக வைத்தான்.

அவள் அதைப் புரிந்துகொள்வதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து சுற்றுக்காரர் வந்தார். கொழுந்தன் அவரைப் பார்த்துத் தலையசைத்தான், அவரும் அசைத்தார். தினம் பார்க்கிறவர்கள்போல. சுற்றுக்காரர் சாவி போட்டுப் பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கத்தைப் பார்த்து உதடசைத்துப் படித்தார். தோள்பையிலிருந்து ஒரு தம்ளரையும் பாட்டிலையும் எடுத்து, பாதி தம்ளர் அளந்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, குனிந்து, சருகுக்குள் இருந்த சென்சாரின் மேல் ஊற்றினார். எண் ஏறுகிறதா என்று பெட்டிக்குள் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் பதிவேட்டில் எழுதினார்.

அவள் மரத்தின் மறைவிலிருந்து வெளியே வந்தாள். இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"என்ன பண்றீங்க நீங்க?" என்று சுற்றுக்காரரைக் கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"எழுதியிருக்கறதைத்தான் மேடம் பண்றேன்." அவர் மூடியைக் காட்டினார்.

உள்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கையெழுத்து அவளுடையது. 'ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் சருகு சென்சார் மேல் அரை தம்ளர் தண்ணீர் ஊற்றி எண் ஏறுகிறதா என்று பார்க்கவும்.' கீழே அடிக்கோடு வேறு.

பின்னறை மேசையில் சென்சார்களைச் சோதித்துப் பார்க்க வைத்திருந்த உபரிப் பெட்டி அது. மேசைச் சோதனைக்காகத் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்பு. பருவத்தின் தொடக்கத்தில் ஏழாம் பெட்டியின் கம்பியை எலி கடித்துப் போட்டபோது, வேறு பெட்டி வரும்வரை இது இருக்கட்டும் என்று அவள்தான் கொடுத்தனுப்பினாள். காகிதத்தைக் கிழிக்க மறந்துவிட்டாள். மற்ற எட்டுப் பெட்டியிலும் இப்படி எதுவும் இல்லையே, ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாமே என்றாள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு முறை இருக்கும் போல, மேடம் காரணம் இல்லாமல் எழுதமாட்டார்கள் என்று நினைத்ததாக அவர் சொன்னார். அவர் முகத்தில் கள்ளமில்லை. பதிவேட்டில் பத்து இருபது என்று இருக்கிறதே என்றதற்கும் பதில் வைத்திருந்தார். வெட்டிய மரங்கள் குறுக்குத் தடத்தில் கிடப்பதால் ஒன்றரை மாதமாகச் சுற்றி வருகிறார், வந்து சேர ஒரு மணியாகிவிடுகிறது. ஆனால் நேரம் அச்சடித்த அட்டவணையில் பத்து இருபது என்றுதானே இருக்கிறது, அதைத்தான் எழுத வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

சுற்றுக்காரர் எட்டாம் பெட்டியைப் பார்க்கக் கிளம்பிப் போன பிறகு கொழுந்தன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீங்க எதுக்கு அண்ணி மரத்துக்குப் பின்னாடி நின்னீங்க?"

அவன் காலி கேனைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நான் ஊத்தறேன்னு நினைச்சீங்களா."

"தண்ணி கொண்டு போனியே. கேட்டா மழுப்பினியே. கையில என்ன, சட்டையில என்ன புகை?"

அவன் துணியைப் பிரித்துக் காட்டினான். உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது. ரம்பச் சங்கிலி இல்லை. புதன்கிழமை மதியம் ரம்பம் கல்லில் பட்டுப் பொறி தெறித்துச் சருகு பிடித்துக்கொண்டது. ஒரு பாய் அகலத்துக்குப் பரவியதைக் கேன் தண்ணீராலும் காலாலும் கையாலும் அடித்து அணைத்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன் என்றான். பலகை பச்சை. கணினியில் ஈரம் பன்னிரண்டுக்கு மேல். அத்தனை ஈரமான சருகு பொறியில் எரியாது. அப்படியானால் எவனோ பீடி போட்டிருக்கிறான், மேஸ்திரி கவனிக்கவில்லை என்றுதான் எழுதுவார்கள். இருபது நாளாகக் காலுக்கடியில் சருகு நொறுங்குகிற சத்தம் அவனுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் பச்சைப் பலகை தொங்கும்போது ஆட்களை வெளியே நிறுத்த மேஸ்திரிக்கு அதிகாரம் இல்லை. அண்ணியிடம் நேரே கேட்கக் கூடாது என்பது வாக்கு. அதனால்தான் கேனையும் ஈரத்தையும் பற்றிக் கேட்டபோது மழுப்பினான், ஏழு எப்படி இருக்கிறது என்று தினம் சுற்றி வளைத்துக் கேட்டான். ஒரு நாளாவது குறைஞ்சிருக்கு என்று சொல்லிவிட மாட்டார்களா என்று.

"எனக்கும் தெரியும்" என்றாள் அவள். " கையால எடுத்து உலர்த்திப் பாத்தேன். ஒன்பதுதான்."

"எப்போ?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். இன்று காலை என்று சொன்னால் போதும். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

"போன திங்கக்கிழமைக்கு முந்தின... இல்ல, போன வாரம் திங்கக்கிழமை. பதினொரு நாள் ஆச்சு."

அவன் துணியை உள்ளங்கையில் மறுபடி சுற்றிக்கொண்டான். கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒன்பதுன்னு தெரிஞ்சு, பதினொரு நாள் பச்சை போட்டீங்க. என்னைப் பிடிக்கறதுக்கு." அவன் குரலை உயர்த்தவில்லை. "நான் ஒருத்தன் திருடன்னே வச்சுக்கலாம் அண்ணி. மத்த பதிமூணு பேரு?"

தடத்தின் பக்கம் யாரோ சிரிப்பது கேட்டது. சாப்பாடு முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவள் கைபேசியை எடுத்து வாயிற்காவலரைக் கூப்பிட்டு, பலகையைச் சிவப்பாக்கி மணி அடிக்கச் சொன்னாள். சீட்டு வேண்டுமே என்றார் அவர். சீட்டு பின்னால் வரும், முதலில் மணியை அடியுங்கள் என்றாள். கொழுந்தன் கேனைத் தூக்கிக்கொண்டு ஆட்களை எதிர்கொள்ளப் போனான். ரம்பங்களை அணைத்த நிலையிலேயே தோளில் போட்டுக்கொண்டு பதினான்கு பேரும் வரிசையாக அவளைத் தாண்டி வெளியே நடந்தார்கள். என்னம்மா, திடீர்னு உங்க கணினிக்குத் தாகம் எடுத்துடுச்சா என்று ஒருவர் கேட்டார். மேஸ்திரி திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

மேலதிகாரி அறிக்கையைச் சுருக்கமாக முடிக்கப் பார்த்தார். பெட்டி மாற்றியதில் நேர்ந்த சிறு குளறுபடி, கண்டுபிடிக்கப்பட்டது, சரிசெய்யப்பட்டது என்று எழுதினால் யாருக்கும் தலைவலி இல்லை என்றார். தீ பிடித்தது பற்றி மேஸ்திரி வாய் திறக்காதவரை அதையும் எழுத வேண்டியதில்லை. அவள் அவர் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு தன் மேசைக்கு வந்து எழுதினாள். எந்தத் தேதியில் எத்தனை மணிக்குச் சருகை அள்ளினாள், ஈரமாக எவ்வளவு, உலர்ந்து எவ்வளவு, மறுநாள் முதல் எந்தெந்தக் காலையில் எந்த எண்ணை எழுதிக் கையெழுத்திட்டாள், ஏன். அந்த 'ஏன்' எழுதும்போதுதான் பேனா நின்றது. ஒருவர் மீது கொண்ட ஆதாரமற்ற சந்தேகத்தால் என்று எழுதினாள். யார் மீது என்று எழுதவில்லை. வாயிலில் எல்லாருக்கும் தெரிந்துதான் போயிற்று.

வீட்டில் இரண்டு நாள் யாரும் ஏழைப் பற்றிக் கேட்கவில்லை. கணவன்தான் இரண்டு பேருக்கும் நடுவில் குழம்புப் பாத்திரத்தை நகர்த்திக்கொண்டிருந்தான். ஒரு வேடிக்கை சொல்லிப் பார்த்தான், எடுபடவில்லை. தம்பி அண்ணி என்றுதான் கூப்பிட்டான், தட்டை வைத்தான், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். எந்தக் குறையும் இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம். ஆனால் வெட்டும் ஆட்கள் ஒன்றாகப் போய் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னார்கள். இனி பச்சைப் பலகை தொங்கினாலும், கணினி எண்ணை மட்டும் நம்பி உள்ளே போகமாட்டோம். வெட்டு நடக்கும் இடத்துச் சருகை எங்கள் ஆள் எடுத்து வருவார். எங்கள் ஆள் கண் முன்னால் நிறுக்க வேண்டும், உலர்த்த வேண்டும், மறுபடி நிறுக்க வேண்டும். சீட்டில் அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்த ஆளின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

அந்த ஆளாக அவர்கள் மேஸ்திரியையே அனுப்பினார்கள்.

பதினெட்டு நாள் கழித்து முதல் தூறல் விழுந்தது. மறுநாள் விடிந்ததும் அவன் ஒரு டப்பாவோடு பின்னறைக்கு வந்தான். ஏழாம் பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று இடங்களில் எடுத்தது, மேலே ஒரு கை, அடியில் ஒரு கை என்று சொன்னான். சரியாகத்தான் எடுத்திருந்தான். அவள் டப்பாவை வாங்கக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. காலித் தட்டைத் தராசில் தானே வைத்து, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தான். அவளும் குனிந்து பார்த்தாள். பிறகுதான் சருகைக் கொட்டினான்.

எடையை இருவரும் தனித்தனிக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். தட்டு அடுப்புக்குள் போயிற்று. உலர நாலு மணி நேரம் ஆகும், போய்விட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னாள்.

"பரவாயில்ல அண்ணி, இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவன் ஒரு முக்காலியை இழுத்து அடுப்பின் கதவுக்கு நேரே போட்டு உட்கார்ந்துகொண்டான்.